61 வயதில் டைனோசர் ஓவியம்: எங்கிருந்து தொடங்குவது?

வரைபலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொதுப்பணித் துறையில் வரைதொழில் அலுவலராக 33 ஆண்டுகள் பணியாற்றி, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றேன். திருச்சியில் வசிக்கிறேன். பாலம், மதகு, கலிங்கு, வாய்க்காலின் குறுக்குவெட்டு ஆகியவற்றைத் தவிர வேறு எதையும் நான் வரைந்ததில்லை. பணிக்காலத்தின் பிற்பாதியில் அந்த வேலையும் மேசையை விட்டுக் கணினித் திரைக்குப் போய்விட்டது.

பணியில் சேர்ந்த புதிதில், அரியலூர்ப் பக்கம் ஏரி மதகு வேலையைப் பார்வையிடச் சென்ற பொறியாளர் ஒருவர், உள்ளங்கை அளவில், ஆட்டுக்கடாவின் கொம்பைப்போல் சுருண்டிருந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வரைதாள் காற்றில் பறக்காமல் இருப்பதற்காக அந்தக் கல் ஏறத்தாழ 30 ஆண்டுகள் அங்கேயே இருந்தது. அது அம்மோனைட் என்ற கடலுயிரியின் புதைபடிவம் என்பதையும், அரியலூர் நிலப்பகுதி, டைனோசர்கள் வாழ்ந்த இறுதிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்தில் கடலோரமாக இருந்தது என்பதையும், அந்த மாவட்டத்தில் டைனோசர் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன என்பதையும் மிகவும் பிந்தித்தான் படித்து அறிந்தேன். வேலை இல்லாத பிற்பகல்களில் அந்தக் கல்லின் சுருளைத் தாளில் வரைந்து பார்ப்பது என் பழக்கமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு, அந்தக் கல்லோடு ஒரே காலத்தில் வாழ்ந்த பெரிய விலங்குகளையும் வரைய வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

என் முதல் ஓவியத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். அரியலூரில் கிடைத்த திராவிடோசாரஸை, முதுகில் இரு வரிசைத் தகடுகளோடு, செம்மண் மேட்டில் நிற்பதாகப் போஸ்டர் வண்ணத்தில் தீட்டியுள்ளேன். இந்த வயதில் இதை முறையாகக் கற்க முடியுமா, ஓவியப் பள்ளியில் சேர வேண்டுமா, முதலில் எதைக் கற்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மதுரைத் தூரிகை எழுதியது:

வணக்கம் அம்மா. திரைப்படங்களுக்குக் கையால் பேனரும் கட்டவுட்டும் வரைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் பிழைத்தவன் நான். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழில் முடிந்தபோது எனக்கு 46 வயது. அதன்பிறகு பள்ளிச் சுவர்களில் விலங்குகளையும் பறவைகளையும் வரையத் தொடங்கினேன்; அந்த வழியாகத்தான் டைனோசருக்கும் வந்து சேர்ந்தேன்.

உங்கள் ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு நடுங்கவில்லை. தகடுகளின் இடைவெளி சீராகக் குறைந்துகொண்டே போகிறது. இது புதியவர் கை அன்று. ஆனால் விலங்கு முழுவதும் ஒரே பக்கத் தோற்றத்தில், தாளில் ஒட்டியதுபோல் இருக்கிறது. நான்கு கால்களுக்கும் ஒரே வெளிச்சம் விழுகிறது. அப்பாலுள்ள கால்கள் சற்று மங்கி, நிலத்தின் நிறத்தை வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கட்டட வரைபடத்தில் எல்லாக் கோடும் ஒரே தெளிவோடு இருக்க வேண்டும் என்பது உங்களுக்குப் பழகிய ஒழுங்கு. ஓவியத்தில் சில இடங்களைத் தெளிவில்லாமல் விடுவதற்கு நீங்கள் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதற்கு நான் கண்ட நல்ல வழி களிமண்தான். ஒரு சாண் நீளத்துக்கு விலங்கைக் களிமண்ணில் பிடித்துச் சன்னல் ஓரத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அமெரிக்காவில் டைனோசர் ஓவியத்துக்கே உருவம் கொடுத்தவர் என்று மதிக்கப்படும் சார்லஸ் நைட்டும், வரைவதற்கு முன் சிறு உருவங்களைச் செய்து அவற்றின் மேல் ஒளி விழும் விதத்தைக் கவனித்தவர்தான். ஓவியப் பள்ளி கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை.

நாமக்கல் கால்நடை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் கால்நடை மருத்துவர், வரையத் தெரியாதவன். ஆனால் டைனோசர் ஓவியங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவற்றின் கால்களைத்தான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலான ஓவியங்கள் அங்கேயே தவறிவிடுகின்றன.

வண்ணத்தைச் சில மாதங்கள் மூடி வைத்துவிடுங்கள். ஒரு நாட்டுக்கோழியை முழுதாக வாங்கி, சமைத்த பிறகு எலும்புகளை உடைக்காமல் எடுத்துக் கழுவி, நிழலில் காயவைத்து, இடுப்பிலிருந்து விரல் நுனி வரை வரிசையாக ஒரு தாளின்மேல் அடுக்குங்கள். கோழியின் முழங்கால் பின்னோக்கி மடங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் இறகுக்குள் வயிற்றை ஒட்டி மறைந்திருக்கிறது, நம்முடையதைப் போலவே முன்னோக்கித்தான் இருக்கிறது. கோழியும் இரைதின்னும் இருகால் டைனோசர்களும் விரல்களை ஊன்றி நடப்பவை. குதிகால் தரையில் படாது. இதை ஒருமுறை கையால் அடுக்கிப் பார்த்தவர் பிறகு தவறாக வரைய மாட்டார்.

ஆனால் கோழியை அப்படியே பெரிதாக்கினால் டைனோசர் கிடைத்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோழிக்கு நீண்ட வால் இல்லை. அதன் தொடையெலும்பு ஏறத்தாழக் கிடைநிலையில் கிடக்கிறது. நடக்கும்போது பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் அசைவு. கனத்த வாலுடைய டைனோசர்களிலோ, வாலின் அடிப்பகுதியிலிருந்து புறப்பட்டுத் தொடையெலும்பைப் பின்னுக்கு இழுக்கும் பெரிய தசை ஒன்று உண்டு. நடைக்கு விசையே அங்கிருந்துதான். அந்தத் தசை இன்றைக்கும் முதலைக்கு இருக்கிறது. அதனால்தான் டைனோசரின் மென்தசைகளை ஊகிக்கும்போது ஒரு பக்கம் பறவையையும் மறுபக்கம் முதலையையும் வைத்துப் பார்க்கிறார்கள். இரண்டிலும் ஒரு கூறு இருந்தால், இடையிலுள்ள டைனோசருக்கும் அது இருந்திருக்கும் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

முதலையைப் பார்க்க நீங்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. உடுமலைக்கு அருகே அமராவதி அணையில் முதலைப் பண்ணை இருக்கிறது. சென்னைக்குப் போனால் மாமல்லபுரம் சாலையில் முதலைப் பண்ணை 1976 முதல் இயங்குகிறது. அங்கே ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, வால் இடுப்போடு சேரும் இடத்தை மட்டும் வரையுங்கள். அந்த இடம் எவ்வளவு பருமனாக இருக்கிறது என்பதைப் பார்த்தால் வியந்துபோவீர்கள். உங்கள் ஓவியத்தில் வால் ஒரு கயிற்றைப்போல் உடலிலிருந்து திடீரென்று தொடங்குகிறது.

செம்மண்படிவு எழுதியது:

வரைபலகை அம்மாவுக்கு வணக்கம். நான் நிலவியல் ஆய்வு மாணவன். அரியலூர்ப் படிவுகளில் களப்பணி செய்தவன் என்பதால், நீங்கள் தேர்ந்தெடுத்த விலங்கைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் உற்சாகத்தைக் குறைப்பது என் நோக்கமன்று.

திராவிடோசாரஸுக்கு 1979இல் யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் பெயரிட்டார்கள். மண்டையோட்டின் ஒரு பகுதி, ஒரு பல், இடுப்பெலும்புத் துண்டுகள், சில தகடுகள், ஒரு முள் ஆகியவற்றை வைத்து, இது முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசார் இனம் என்றார்கள். 1990களில் தொல்லுயிரியலாளர் சங்கர் சாட்டர்ஜி அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, இவை துடுப்புக் கால்களையுடைய கடல்வாழ் ஊர்வனவாகிய பிளீசியோசாரின் எலும்புகள் என்று மறுத்தார். 2017இல் கால்டனும் அய்யாசாமியும் மீண்டும் ஆராய்ந்து, இது ஸ்டெகோசார்தான் என்று எழுதினார்கள். ஆக, கடலில் நீந்தியதா நிலத்தில் நடந்ததா என்பதிலேயே அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்த விலங்கு அது. நீங்கள் வரைந்திருப்பது, இணையத்தில் பரவியிருக்கும் அமெரிக்க ஸ்டெகோசாரஸின் உருவம். அரியலூரின் எலும்பில் அந்த உருவத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை.

அரியலூர் மாவட்டத்தின் இன்னொரு புகழ்பெற்ற விலங்கான பிருகத்காயோசாரஸின் நிலை இன்னும் கடினமானது. கல்லமேட்டில் கிடைத்த அதன் கணைக்கால் எலும்பு 2 மீட்டர் நீளம் இருந்ததாக 1980களின் இறுதியில் பதிவு செய்யப்பட்டது. அது உண்மையென்றால் உலகின் மிகப் பெரிய நிலவிலங்குகளில் ஒன்று நம் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. ஆனால் அந்த எலும்புகள் நொறுங்கிப்போய்விட்டன. இன்று நம்மிடம் இருப்பவை படங்களும் குறிப்புகளும் மட்டுமே. கல்லாகிப்போன மரத்தண்டை எலும்பென்று எண்ணிவிட்டார்களோ என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கணைக்கால் எலும்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஊர்ப்பற்றின் காரணமாக இவ்விரண்டையும் வரைய விரும்புபவர்கள் பலர். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆயினும் தெரியாததைத் தெரிந்ததுபோல் வண்ணம் தீட்டிவிட்டால், பார்க்கும் பிள்ளைகள் அதையே உண்மையென்று மனத்தில் பதித்துக்கொள்வார்கள்.

வரைபலகை எழுதியது:

தம்பி செம்மண்படிவு அவர்களே, உங்கள் பதிலைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. வருத்தம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் மண் ஆய்வு அறிக்கை வராமல் பாலத்தின் அடித்தளத்தை வரைந்து கொடுக்கும்படி மேலதிகாரி கேட்டபோது மறுத்தவள் நான். இங்கே அதே தவற்றை நானே செய்திருக்கிறேன் என்பது புரிகிறது. அப்படியானால், போதிய எலும்புகள் கிடைத்த, நம் நாட்டு விலங்குகள் எவை என்று சொல்லுங்கள்.

மருத்துவர் ஐயாவுக்கும் நன்றி. கோழி வாங்கியாகிவிட்டது. எலும்புகள் மாடியில் காய்கின்றன.

செம்மண்படிவு எழுதியது:

அம்மா, முதலில் நீண்ட கழுத்துடைய பெரிய டைனோசராகிய பாராபாசாரஸைப் பாருங்கள். கோதாவரிப் பள்ளத்தாக்கில், அன்றைய அடிலாபாத் மாவட்டப் பகுதியில் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 300 எலும்புகள், குறைந்தது 6 விலங்குகளுக்கு உரியவை. தாகூரின் நூற்றாண்டை நினைந்து, பாராபாசாரஸ் தாகூரி என்று 1975இல் பெயர் சூட்டினார்கள்; முற்பகுதிக்குப் பெரிய கால் என்று பொருள். அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் முழு உருவமாக நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒன்றுதான் குறை: பற்கள் கிடைத்தன, மண்டையோடு கிடைக்கவில்லை. அங்கே நீங்கள் காணும் தலை, உறவின விலங்குகளை ஒப்பிட்டுச் செய்த தலை.

ஒரு காட்சியாக வரைய விரும்பினால், எனக்குத் தெரிந்த இந்தியப் புதைபடிவங்களில் சனாஜே என்ற பாம்பைப்போல் ஓவியருக்கு வாய்த்தது வேறொன்றில்லை. குஜராத்தின் தோலி துங்ரியில் 1980களில் தனஞ்சய் மொகபே கண்டெடுத்த கல்லில் டைனோசர் முட்டைகளும் சிறு எலும்புகளும் இருந்தன. எல்லாம் குஞ்சின் எலும்புகள் என்றே முதலில் கருதப்பட்டது. பின்னாளில் ஜெஃப்ரி வில்சன் பார்த்தபோது, அவற்றுள் ஒரு பகுதி பாம்பின் முள்ளெலும்புகள் என்று கண்டார். ஏறத்தாழ 3.5 மீட்டர் நீளமுள்ள பாம்பு, நசுங்கிய முட்டையைச் சுற்றிச் சுருண்ட நிலையில், அருகில் குஞ்சோடு, அப்படியே மண்ணில் மூடுண்டிருக்கிறது. 2010இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரை எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடியது. காட்சியமைப்பை நாம் கற்பனை செய்யத் தேவையில்லை; கல்லே அதை வைத்திருக்கிறது.

பின்னணியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டைனோசர் காலத்தில் புல் இல்லை என்று கருதப்பட்டதால், டைனோசர் படத்தில் புல் வரையக் கூடாது என்பது நெடுங்கால விதியாக இருந்தது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த, கல்லாகிப்போன சாணத்தில் புல்லின் நுண்சிலிகாத் துகள்கள் இருப்பதை வந்தனா பிரசாத்தும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் காட்டிய பிறகு, கிரெட்டேசியஸ் இறுதிக்கால இந்தியக் காட்சியில் ஆங்காங்கே புல்லை வைக்க நமக்கு உரிமை உண்டு. பாராபாசாரஸ் வாழ்ந்ததோ அதற்கு 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்திய ஜுராசிக் தொடக்கம். அங்கே புல்லும் கூடாது, பூவும் கூடாது. பெரணியும், ஊசியிலை மரங்களும், நம் மதனகாமப்பூவின் தொல்லுறவினங்களாகிய சைக்காடு வகைகளும்தான். தென்னையை வைத்துவிட வேண்டாம்.

மறுகரை எழுதியது:

எல்லாரும் ஊக்கமூட்டுகிறார்கள், நான் சற்று வேறாகப் பேச வேண்டியிருக்கிறது. பாடநூல்களுக்கும் சிறுவர் இதழ்களுக்கும் 15 ஆண்டுகளாகப் படம் வரைந்து வாழ்பவள் என்ற முறையில் சொல்கிறேன். இதில் வருமானம் மிகக் குறைவு. இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் கொடுத்துவிடுகிறது. பதிப்பாளர்கள் சிலர் அதையே போதும் என்கிறார்கள். கண்ணும் 60க்குப் பிறகு முன்போல் ஒத்துழைக்காது. ஓய்வூதியத்தை நம்பி, ஆசைக்காக வரைவது வேறு. இதை இரண்டாம் தொழிலாக எண்ணினால் ஏமாற்றம் நேரும். வரைபலகை அம்மா எதை எண்ணுகிறார்கள் என்று தெளிவாகச் சொன்னால் அதற்கேற்ப வழிகாட்டலாம்.

நூலகத்தட்டு எழுதியது:

மறுகரை சொன்ன வருமானச் செய்தியை மறுக்க முடியாது. ஆனால் வயதைப் பற்றி இத்துறையின் வரலாறு சொல்வது வேறு.

டைனோசரை முழு உருவில் முதன்முதலாக மக்களுக்குக் காட்டிய பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் 1807இல் பிறந்தவர். லண்டன் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவின் உருவங்களை 1852இல் தொடங்கியபோது அவருக்கு 45 வயது. அதற்கு முன் அவர் உயிருள்ள விலங்குகளை வரைபவர். 60 வயதைக் கடந்து அமெரிக்காவுக்குப் போய், 1868இல் பிலடெல்பியாவில் ஹாட்ரோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூட்டை நிறுத்த உதவினார். 70 வயதை நெருங்கும்போது பிரின்ஸ்டனுக்காக வரிசையாகத் தொல்லுலகக் காட்சிகளைத் தீட்டினார்.

டென்மார்க்கின் கெர்ஹார்ட் ஹைல்மன் மருத்துவப் படிப்பை இடையில் விட்டு ஓவியரானவர். அந்நாட்டின் பணத்தாள்களை வடிவமைத்தவர். பறவைகளின் தோற்றம் குறித்த கட்டுரைகளை அவர் வெளியிடத் தொடங்கியது 1913இல், 54ஆம் வயதில். அவை ஆங்கில நூலாக 1926இல் வந்தபோது 67 வயது. எலும்பை எலும்போடு ஒப்பிட்டு அவர் வரைந்த படங்களின் நுட்பத்தால், தொழில்முறை அறிஞர்கள் ஒரு தலைமுறைக்கும் மேலாக அவர் முடிவை ஏற்றிருந்தார்கள். அவர் முடிவு பின்னர் திருத்தப்பட்டது. இரைதின்னும் டைனோசர்களுக்குக் காறையெலும்பு இல்லை என்று அன்று நம்பப்பட்டதால், பறவைகள் அவற்றிலிருந்து வந்திருக்க முடியாது என்று எழுதினார்; பிறகு அந்த எலும்பு கிடைத்தது. நாட்டுக்கோழியின் நெஞ்சில் கவட்டைபோல் இருக்குமே, அதே எலும்புதான்.

வரைபலகை அம்மா மிகவும் அறிந்துகொள்ள வேண்டியவர் என்று நான் கருதுவது ஈலி கிஷ்ஷை. 1924இல் பிறந்தவர். கனடாவில் தொல்லுயிரியலாளர் டேல் ரஸலோடு சேர்ந்து டைனோசர்களை வரையத் தொடங்கும்போது ஏறத்தாழ 50 வயது. அவருடைய நிலக்காட்சிகளைப் பாருங்கள்: சேறு, மழைக்குப் பின் வானம், முறிந்த மரம் ஆகியவற்றுக்கு விலங்குக்குரிய அதே மதிப்பைக் கொடுத்திருப்பார். அவருடைய டைனோசர்கள் எலும்பு தெரிய மெலிந்திருக்கும் என்பது பின்வந்தோரின் நியாயமான குறை. எலும்பின்மேல் தோலை மட்டும் போர்த்துவது ஒரு தலைமுறை ஓவியர்கள் பலருக்கும் இருந்த பழக்கம். 2012க்குப் பிறகுதான் அது பரவலாகக் கேள்விக்குள்ளானது.

கண்ணைப் பற்றி: மதுரைத் தூரிகை குறிப்பிட்ட சார்லஸ் நைட்டுக்குச் சிறுவயது முதலே கடுமையான பார்வைக் குறைபாடு இருந்தது. விளையாட்டில் கல் பட்டு வலக்கண்ணும் பாதிக்கப்பட்டிருந்தது. தாளை முகத்தருகே வைத்துத்தான் வரைந்தார்.

வரைபலகை எழுதியது:

மறுகரை அவர்கள் கேட்ட கேள்விக்கு: ஓய்வூதியம் எனக்குப் போதுமானது. இதிலிருந்து பணம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இது பொழுதுபோக்கு என்றும் என்னால் சொல்ல முடியாது. பணியில் இருந்தபோது என் வரைபடத்தை நம்பி ஒருவர் கம்பி கட்டுவார், கான்கிரீட் இடுவார். நான் இனி வரைவதையும் அப்படி ஒருவர் நம்பிப் பார்க்கும் தரத்தில் வரைய வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

தம்பி செம்மண்படிவு சொன்னதை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒரு வழி தோன்றியது. கட்டட வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் விளிம்பை முழுக்கோடாகவும், சுவருக்கு உள்ளே மறைந்திருப்பதைப் புள்ளிக்கோடாகவும் போடுவது எங்கள் தொழிலின் முதல் பாடம். படத்தைப் பார்க்கும் கொத்தனாருக்கும் இது தெரியும். அதையே இங்கும் செய்தால் என்ன? கிடைத்த எலும்பு முழுக்கோடு. உறவின விலங்கைக்கொண்டு ஊகித்தது புள்ளிக்கோடு. வண்ண ஓவியத்துக்கு அருகிலேயே, அதே அளவுகோலில், இந்தக் கோட்டுப்படத்தையும் வைத்துவிட்டால், பார்ப்பவர் எதை எவ்வளவு நம்பலாம் என்று தாமே தெரிந்துகொள்வார். பாராபாசாரஸை 1:20 அளவில் ஏ1 தாளில் போடலாம் என்று கணக்கிட்டிருக்கிறேன்.

செம்மண்படிவு எழுதியது:

அம்மா, எலும்புக்கூட்டு வரைபடங்களில் கிடைக்காத பகுதியைச் சாம்பல் நிறத்தில் காட்டும் வழக்கம் ஆய்வுக் கட்டுரைகளில் உண்டு. ஆனால் அது ஆய்வாளர்களோடு நின்றுவிடுகிறது. மக்கள் பார்க்கும் வண்ணப் படத்துக்கு அருகில் அது வருவதே இல்லை. நீங்கள் சொல்வதுபோல் இரண்டையும் அருகருகே வைத்தால், திராவிடோசாரஸைக்கூட வரையலாம்: முழுக்கோட்டில் சில துண்டுகள், அவற்றைச் சுற்றி இரண்டு புள்ளிக்கோட்டு உருவங்கள், ஒன்று நடப்பது, ஒன்று நீந்துவது. அப்படி ஒரு படத்தை நான் இதுவரை கண்டதில்லை.

மறுகரை எழுதியது:

நம்பிக் கம்பி கட்டுவார் என்ற வரியைப் படித்துவிட்டு என் முந்தைய பதிலைத் திரும்பப் படித்தேன். நீங்கள் எண்ணுவது எனக்குப் புரிந்துவிட்டது அம்மா. ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும்: எந்த எலும்பை எந்தக் கட்டுரையின் எந்தப் படத்திலிருந்து எடுத்தீர்கள் என்று தாளின் பின்புறம் அன்றன்றே எழுதி வையுங்கள். இன்னொருவர் வரைந்த எலும்புக்கூட்டின் மேல் நேரடியாகத் தாளை வைத்து நகலெடுக்க வேண்டாம். அது அவருடைய உழைப்பு. எலும்பின் அளவுகள் எவருக்கும் பொதுவானவை, அவற்றிலிருந்து நீங்களே கட்டியெழுப்புங்கள்.

வரைபலகை எழுதியது (நான்கு மாதங்களுக்குப் பின்):

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். இடையில் எழுதாததற்குக் காரணம் உண்டு.

கோழியின் கால் எலும்புகளை முன், பக்கம், மேல் என்று மூன்று தோற்றங்களில் 40 தாள்கள் வரைந்தேன். அமராவதி அணைக்கு இருமுறை போனேன். முதலையின் வால் இடுப்போடு சேரும் இடத்தைப் பற்றி மருத்துவர் ஐயா சொன்னது முற்றிலும் உண்மை. முதல் நாள் வரைந்தவற்றை எல்லாம் இரண்டாம் நாள் திருத்த வேண்டியதாயிற்று. மதுரைத் தூரிகை ஐயா சொன்னபடி களிமண் உருவமும் செய்தேன். கழுத்து மூன்று முறை ஒடிந்து விழுந்தது. உள்ளே கம்பி வைத்த பிறகுதான் நின்றது. அப்போதுதான், கம்பி இல்லாமல் அந்த விலங்கு எப்படித் தன் கழுத்தைத் தாங்கியது என்று யோசித்தேன். ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்ட உத்தரம் அது. மேல்பக்கம் இழுவிசை, கீழ்ப்பக்கம் அழுத்தம். முள்ளெலும்பின் மேலுள்ள நீட்சிகளில் இழுவிசைக்கான தசைநாண்கள் ஒட்டியிருக்க வேண்டும் என்று நானே ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு, பிறகு தம்பி அனுப்பிய கட்டுரையில் அதையே கண்டபோது அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல இயலவில்லை.

சென்ற மாதம் முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்றுக் கொல்கத்தாவுக்குப் போய்வந்தேன். பாராபாசாரஸின் காலடியில் மடக்கு நாற்காலியில் இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். உட்கார்ந்த நிலையில் என் தலை அதன் முழங்காலுக்கு எட்டவில்லை. புகைப்படத்தில் காணாத ஒன்று அங்கே தெரிந்தது: பின்கால்கள் தூண்போல் நேராக இருந்தாலும், தொடையெலும்பை முன்னிருந்து பார்த்தால் அது சப்பையானது, பக்கத் தோற்றத்தை மட்டும் பார்த்து நான் உருளையாக வரைந்திருந்தேன். அந்தத் தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

முடித்த இரு தாள்களையும் இணைத்துள்ளேன். இடப்பக்கம் கோட்டுப்படம், வலப்பக்கம் வண்ண ஓவியம். தலை முழுவதும் புள்ளிக்கோடு, பற்கள் மட்டும் முழுக்கோடு. பிழைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மதுரைத் தூரிகை எழுதியது:

அப்பாலுள்ள கால்கள் பின்னுக்குப் போய்விட்டன அம்மா. வயிற்றின் அடியில் மண்ணின் சிவப்பு ஏறியிருப்பதைப் பார்த்து நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வாயை மூடியே வைத்தது மிக நல்லது. டைனோசர் என்றால் எல்லாரும் கர்ஜிக்கவே விடுகிறார்கள். வானத்தில் இன்னும் ஒரு பூச்சு நீலத்தைக் குறைத்தால் தலை தனித்துத் தெரியும்.

நாமக்கல் கால்நடை எழுதியது:

வால் இப்போது உடலின் பகுதியாகிவிட்டது. வாழ்த்துகள் சகோதரி. ஒரு திருத்தம் உண்டு. முன்பாதத்தில் வரிசையாக நகங்கள் வைத்திருக்கிறீர்கள். கோயில் யானையின் பாதம் உங்கள் நினைவில் இருந்திருக்கும். பெரிய விலங்கு என்றதும் எல்லார் கையும் யானையைத்தான் வரைகிறது. இவ்வகை விலங்குகளின் முன்பாதத்தில் உள்ளங்கை எலும்புகள் செங்குத்தாக நின்று, ஒரு வளைவாகச் சேர்ந்து எடையைத் தாங்குகின்றன. பெரிய நகம் என்பது பொதுவாக உள்பக்கத்துப் பெருவிரலில் மட்டுமே. பின்பாதத்தில் நீங்கள் வரைந்த நகங்கள் சரியானவை. அவற்றைத் தொட வேண்டாம்.

வரைபலகை எழுதியது:

உண்மைதான் ஐயா. எங்கள் தெரு வழியாகத்தான் திருவானைக்கோயில் யானையை முன்பு நடத்திச் செல்வார்கள். அந்தப் பாதம்தான் கைக்கு வந்திருக்கிறது. முன்பாதத்தின் மற்ற நகங்களைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டேன். பெருவிரல் நகம் ஒன்று மட்டும் இருக்கிறது. கொல்கத்தாவில் எடுத்த குறிப்புகளில் அந்த நகம் அசல் எலும்பா, செய்து வைத்ததா என்று நான் எழுதிவைக்கவில்லை. கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அதைப் புள்ளிக்கோட்டில் வைத்திருக்கிறேன்.